கடைசலுக்கு ஏற்ற எஃகைத் தேர்ந்தெடுக்கும் விதம்

வீட்டுக் கொட்டகையில் சிறிய லேத் ஒன்றை நிறுவி, பம்பு புஷ், பின், கைப்பிடி, தள்ளுவண்டி அச்சு முதலிய சாமான்களைக் கடைந்து கொடுக்கும் அங்கத்தினர்களுக்கு, லாபமும் நஷ்டமும் எஃகு வாங்கும் இடத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. முத்தையாபுரம் போன்ற உப்பளக் கரையில் இவ்விஷயம் மேலும் கவனிக்கத்தக்கது.

சாதாரண மெல்லெஃகு சிறு லேத்துக்கு உகந்ததன்று. சீவல் நீண்ட நாடாவாகச் சுருண்டு உளியையும் கையையும் சுற்றுகிறது; கடைந்த முகம் கிழிந்தாற்போல் தோன்றுகிறது. பட்டறைக்காரர் ‘பிரீ கட்டிங்’ என்று வழங்கும் எஃகோ பொடிப்பொடியாக உதிர்கிறது. காரணம் கந்தகமே. மற்ற எஃகுகளில் கந்தகத்தை நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேற்படாமல் தடுப்பார்கள். இரும்புடன் கூடிய கந்தகம் எளிதில் உருகி, காய்ச்சி அடிக்கும்போது எஃகை வெடிக்கச் செய்யும். பிரீ கட்டிங் எஃகில் 0.20 முதல் 0.30 வரை கந்தகத்தை வேண்டுமென்றே சேர்த்து, அதனைப் பிணிக்கப் போதிய மாங்கனீஸையும் சேர்க்கிறார்கள். இவ்விரண்டும் கூடி எஃகினுள் மெல்லிய இழைகளாகப் படிகின்றன. உளி அவ்விழைகளைச் சந்திக்குமிடத்தில் சீவல் முறிகிறது. உளியின் முனையும் அதிகம் தேய்வதில்லை.

கடைவதற்குச் சௌகரியமான அவ்விழைகளே வேறு வேலைகளுக்குக் கேடு விளைவிப்பவை. உப்புக் காற்றிலும் கடல் நீரிலும் துரு முதலில் அவற்றைப் பற்றிக் குழி பறிக்கும். சுழன்று வேலை செய்யும் தண்டில் அக்குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஆகையால் படகின் சுழலி ஷாப்டு, பாரம் தூக்கும் கொக்கி ஆகியவற்றை இவ்வெஃகில் ஒருபோதும் செய்யலாகாது. கடலில் ஷாப்டு முறிந்தால் படகில் உள்ளோர் உயிருக்கே அபாயம். உளித் தேய்மானத்தில் மிச்சமாகும் சில ரூபாய் அதற்கு ஈடாகுமா? வெல்டிங் செய்யவேண்டிய உறுப்புக்கும் இது ஆகாது. பற்றவைத்த இடம் ஆறும்போதே வெடிக்கக்கூடும்.

துருப்பிடிக்காத எஃகென்று பெயர் கேட்டதும் நிம்மதி அடைவோரும் உளர். அதிலும் 303 என்பது கந்தகம் சேர்த்த வகை. சுலபமாகக் கடையலாம், ஆனால் உப்பைத் தாங்கும் சக்தி 304-ஐவிடக் குறைவு. உப்புநீர் பம்பின் தண்டுக்கு, நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் உள்ள 316-ஐக் கேட்டு வாங்குவதே உசிதம். கடைவது சிரமம், விலையும் அதிகம். எனினும் வேலைக்கூலியை அதற்கேற்ப முன்னதாகவே பேசிக்கொள்ளலாம். கரையில் பாரம் தாங்கும் அச்சுக்கு, கரிச்சத்து சுமார் 0.40 உள்ள இஎன்8 போதும். பிரீ கட்டிங் எஃகை உலர்ந்த இடத்தில், எண்ணெய்ப் பசையுடன் இருக்கும் புஷ், இடைவளையம், கைப்பிடி, சிறு திருகு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்க.

கடைகளில் இன்றும் வழங்கும் இஎன் எண்கள் இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டனில் வகுக்கப்பட்டவை. பிரீ கட்டிங் எஃகுக்கு இஎன்1ஏ என்று பெயர். இந்திய தர நிர்ணயப் பெயரோ தன் சரக்கைத் தானே சொல்லிவிடும். 11சி10எஸ்25 என்றால் கரி 0.11, மாங்கனீஸ் 1.0, கந்தகம் 0.25. பெயரில் ‘எஸ்’ வந்தால் கந்தகம் சேர்த்ததென்று அறிக. 40சி8 என்பது இஎன்8-க்கு நிகரானது. அதில் ‘எஸ்’ இல்லை.

ஈயம் சேர்த்த இஎன்1ஏ-யும் உண்டு, நூற்றுக்கு 0.15 முதல் 0.35 வரை ஈயம் இருக்கும். அதை உலையில் காய்ச்சினாலோ வெல்டிங் செய்தாலோ எழும் புகை விஷமாகும். வீட்டோடு பட்டறை வைத்திருப்போர் அதன் சீவலைக் குழந்தைகள் கையாளாதபடி வாரி அப்புறப்படுத்த வேண்டும். கை கழுவாமல் உண்ணலாகாது.

கடைக்காரர் ‘நல்ல எஃகு’ என்று சொல்வதை நம்பி வாங்குதல் தகாது. உருக்கு எண் கண்ட சோதனைச் சான்றிதழைக் கேட்க வேண்டும். ஒரு துண்டு மட்டும் வாங்குவோருக்கு அதைக் கொடுக்க அவர் தயங்குவார். சங்கத்தின் பேரில் பலர் சேர்ந்து முழு நீளக் கம்பிகளாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் மறுக்க மாட்டார். பழைய கம்பியாயின், ஒரு மில்லிமீட்டர் ஆழம் கடைந்து பார்த்து, சீவல் நாடாவாக வருகிறதா, உதிர்கிறதா என்று கவனித்தால் ஓரளவு தெரியும். கம்பியின் ஒரு முனையில் வர்ணக் குறியோ முத்திரையோ இருக்கும். அறுக்கும்போது எதிர்முனையிலிருந்தே அறுத்து வாருங்கள். கடைசித் துண்டு வரையில் குறி அழியாமல் நிற்கும்.