180 ஆண்டுகளாக ஒரே வயலில் கோதுமை!

லண்டன் மாநகருக்கு வடக்கே சுமார் 25 மைல் தொலைவில் ஹார்ப்பெண்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ரோதம்ஸ்டெட் பண்ணையில் ஒரு வயலின் பெயர் பிராட்பாக். 1843-ம் ஆண்டு அந்த வயலில் ஒரு சோதனைக்காகக் கோதுமை விதைத்தார்கள். அன்று முதல் இன்று வரை, வயல் முழுவதிலுமோ ஒரு பகுதியிலோ, ஆண்டுதோறும் கோதுமை விதைத்து வருகிறார்கள்.

எதற்காக இந்தச் சோதனை? ஆண்டுக்கணக்கில் உரம் போட்டால் மண் என்ன ஆகும் என்பதை இந்த வயலைப் போல் நீண்ட காலம் காட்டிய வயல் வேறு இல்லை.

உர வியாபாரியின் வயல்

இதைத் தொடங்கியவர் ஜான் பென்னட் லாஸ். பண்ணையின் சொந்தக்காரர். அவரே உர வியாபாரியும்கூட! 1842-ல் சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கக் காப்புரிமை பெற்றவர். அவருக்குத் துணையாக வந்தவர் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற ரசாயன நிபுணர். 1900-ல் லாஸ் இறக்கும் வரை, 57 ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

வயலை நீண்ட பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை. இன்னொன்றுக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் தொழு உரம். மற்றவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து தரும் ரசாயன உரங்கள்.

மண் காட்டிய வித்தியாசம்

உரமே காணாத பாத்தியில் ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ கோதுமைதான் கிடைத்தது. தொழு உரம் பெற்ற பாத்தியும், போதிய ரசாயன உரம் பெற்ற பாத்தியும் நூறாண்டுக்கு மேல் ஏறக்குறைய ஒரே அளவு விளைந்தன. அப்படியானால் இரண்டு உரமும் ஒன்றுதானே?

விளைச்சலில் தெரியாத வித்தியாசம் மண்ணில் தெரிந்தது. சாணமும் வேரும் தழையும் மக்கி மண்ணில் சேர்வது கரிமச்சத்து. மண்ணைப் பொலபொலவென்று வைப்பதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். சோதனை தொடங்கியபோது நூறு கிலோ மண்ணில் சுமார் ஒரு கிலோ கரிமம் இருந்தது. தொழு உரப் பாத்தியில் அது இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. ரசாயன உரப் பாத்திகளிலோ ஒரு கிலோவை ஒட்டியே நிற்கிறது.

ரசாயன உரம் மண்ணைக் கொன்றுவிடும் என்பாரும் உண்டு. இந்த வயல் அப்படிச் சொல்லவில்லை. உரமே இல்லாத பாத்தியைவிட ரசாயன உரப் பாத்தியில் கரிமம் சற்றுக் கூடுதல். பயிர் செழித்தால் வேரும் அடித்தாளும் கூடும். அவை மக்கி மண்ணில் சேரும். ஆனால் தொழு உரத்தைப் போல் அது மண்ணின் குதிரை நிரப்பவில்லை.

தழைச்சத்து போவது எங்கே?

மண்ணிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி மக்கிய பொருளோடு ஒட்டியே இருக்கிறது. ஏறத்தாழப் பத்துப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து. மக்கு குறைந்த மண்ணில் தழைச்சத்து தங்க இடம் குறைவு. மூட்டை மூட்டையாக உரம் போட்டாலும், பயிர் எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பகுதி நைட்ரேட்டாகி நீரோடு இறங்கிவிடும். ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும்.

பிராட்பாக் பாத்திகளின் அடியில் 1849-ல் வடிகால் குழாய்கள் பதித்திருந்தார்கள். அவற்றில் வந்த நீரைச் சோதித்தபோது, தழைச்சத்து உரம் கூடக் கூட நீரில் நைட்ரேட்டும் கூடியிருந்தது. உழவர் கொடுத்த காசு குழாய் வழியே ஓடிக்கொண்டிருந்தது! தொழு உரத்தையும் அளவுக்கு மீறிப் போட்டால் இதே கதைதான்.

இருபது ஆண்டு எரு

அதே பண்ணையில் ஹூஸ்பீல்டு என்ற பார்லி வயலும் இருக்கிறது. அங்கே ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை தொழு உரம் போட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறாண்டு கழித்துச் சோதித்தபோதும், எருவே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அதில் கரிமமும் தழைச்சத்தும் கூடுதலாக இருந்தன. இருபது ஆண்டு இட்ட எருவின் பலன் பேரன் காலத்தையும் தாண்டி நின்றது.

கோவையிலும் ஒரு சோதனை

நம் கோயம்புத்தூரில் 1909-லேயே இத்தகைய நிரந்தர உரச் சோதனை தொடங்கிவிட்டது. 1925-ல் இன்னொன்றும் தொடங்கினார்கள். அங்கும் தொழு உரம் பெற்ற மண்ணில்தான் கரிமச்சத்து கூடுதல். நம் நாட்டு வெயிலில் மக்கு சீக்கிரம் கரைந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் திருப்பிக் கொடுப்பது இங்கே இன்னும் அவசியம்.

ரசாயன உரத்தைத் தள்ள வேண்டியதில்லை. மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு மட்டும் போடலாம். பயிர் கேட்கும் பருவம் பார்த்துப் பிரித்துப் போடலாம். கூடவே தொழு உரமும் தழை உரமும் மண்ணுக்குப் போக வேண்டும். அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்தாமல் உழுது மடக்கினால், வயலில் விளைந்ததில் ஒரு பங்காவது வயலுக்கே திரும்பும்.