கடற்பாசியின் பழுப்பு நிறம்

நாட்பட்ட எண்ணெயில் சிக்கு நாற்றம் வீசுவதை நீங்கள் அறிவீர்கள். காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயோடு சேர்ந்து அதைச் சிதைப்பதே அதற்குக் காரணம். இதையொத்த சிதைவு நம் உடலிலும் நிகழ்கிறது. கொழுப்பு அளவுக்கு மீறிச் சேரும்போது அது மிகுகிறது. இன்சுலின் இடும் கட்டளைக்குத் தசைகள் பணியத் தயங்குகின்றன. இன்சுலினைச் சுரக்கும் கணைய அணுக்களோ இச்சிதைவைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவை. உடற்பருமனைத் தொடர்ந்து நீரிழிவு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இச்சிதைவைத் தடுக்கும் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர். அவற்றைக் கடலிலே தேடுவானேன்? பாறையைப் பற்றி வளரும் பாசி, வெயில் கடுமையானால் நிழலுக்கு ஓட இயலாது. ஆகவே தன்னைக் காக்கும் பொருள்களைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பழுப்புப் பாசிகளுக்கு நிறமளிக்கும் ஃபுகோசாந்தின் அவற்றுள் ஒன்று. ஜெர்மானிய அறிஞர் வில்ஸ்டாட்டரும் அவருடைய துணைவர் பேஜும் 1914-ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்தனர். தாவர நிறமிகளின் ஆராய்ச்சிக்காக மறு ஆண்டே வில்ஸ்டாட்டருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஜப்பானியர் விரும்பி உண்ணும் பழுப்புப் பாசி வக்காமே. 2005-ஆம் ஆண்டில் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்த ஃபுகோசாந்தினை எலிகளுக்கு உணவோடு ஊட்டினர். அவற்றின் வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. வெண்கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைப்பது. பழுப்புக் கொழுப்பு அதை எரித்து வெப்பமாக்குவது. எரிக்கும் தொழிலுக்குரிய புரதம் இங்கே வெண்கொழுப்பிலும் தோன்றியிருந்தது. நெல்லைக் காக்கும் குதிரே அடுப்பாக மாறியது போல என்று இதைச் சொல்லலாம். பின்னர் நடந்த சோதனைகளில், நீரிழிவுடைய சுண்டெலிகளின் இரத்தச் சர்க்கரையும் குறைந்தது.

அப்படியானால் பாசிப் பொடியை உண்டு மருந்தை விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் விடை. எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்பது உறுதியன்று. மனிதர் வக்காமேயை உண்டபோது, அந்நிறமியின் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்ந்தது. மேலும், பழுப்புப் பாசிகள் சிலவற்றில் அயோடின் மிகுதி. அளவு மீறினால் தைராய்டு சுரப்பி கெடும்.

இதே நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் காரட்டிலுள்ள பீட்டா கரோட்டின். அது புற்றுநோயைத் தடுக்கும் என நம்பி, பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆடவரைக் கொண்டு சோதனை நடத்தினர். 1994-இல் முடிவு வெளியாயிற்று. அதை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது!

இன்சுலினின் வரலாறு வேறு. டொராண்டோ நகரில் 1922 ஜனவரியில், சாகும் நிலையிலிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தான். அன்றுமுதல் கணக்கற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. நிரூபணமாகாத பொடியை நம்பி அதை நிறுத்துவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

மாணவர்களே! நமது மன்னார் வளைகுடாவிலும் சர்காசம் முதலிய பழுப்புப் பாசிகள் செழித்து வளர்கின்றன. நாளை உங்களில் ஒருவர் அவற்றை ஆராயலாம். ஆனால் கடல் தந்த மருந்து என்று எவரேனும் கூறும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: யாருக்குக் கொடுத்தார்கள்? எத்தனை பேருக்கு? எவ்வளவு காலம்? விடை எலியோடு நின்றுவிட்டால், அது நல்ல ஆராய்ச்சியாக இருக்கலாம், இன்னும் மருந்தாகிவிடவில்லை.