ஆங்கிலக் கிரகித்தல்: ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் உதவலாம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் நமது பிள்ளைகள் பெரிதும் அஞ்சும் பாடங்களுள் ஆங்கிலமும் ஒன்று. 1990, 1995, 2009 எனப் பல தடவை இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெற்றோரின் படிப்பே இடைநடுவில் முறிந்துபோனது. "எங்களுக்கே ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?" என்று பலர் ஒதுங்கி விடுகின்றனர். ரியூசனுக்கு அனுப்பவும் எல்லோரிடமும் வசதி இல்லை.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. உயர்கல்விக்கும் தொழிலுக்கும் அது வேண்டும். ஒரு படிவத்தை வாசித்து விளங்கிக் கையொப்பம் இடுவதற்கும் அது உதவும். எனவே, வீட்டில் செய்யக்கூடிய சில பயிற்சிகளை இங்கே எடுத்து நோக்குவோம்.

கிரகித்தல் என்றால் என்ன?

ஒரு பந்தியைத் தந்து, அதில் உள்ள செய்தியைப் பற்றிக் கேள்வி கேட்பதே கிரகித்தல். விடை பந்திக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கும் பழக்கமே இங்கு சோதிக்கப்படுகிறது.

எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்தால்தான் விடை எழுதலாம் என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். இது சரியா? பின்வரும் வசனத்தைப் பாருங்கள்: "மழை பிந்தியதால் கொம்பலி முளைக்கவில்லை, மறுபடியும் விதைத்தோம்." கொம்பலி என்றொரு சொல் தமிழில் இல்லை; நாமே உண்டாக்கியது. ஆயினும் அது ஒரு பயிர் என்று உடனே விளங்கிவிட்டது அல்லவா? அக்கம்பக்கத்துச் சொற்களே பொருளைக் காட்டிக் கொடுத்தன. ஆங்கிலப் பந்தியிலும் இப்படித்தான். தெரியாத சொல்லில் தடக்கி நில்லாமல் வசனத்தை முடிவுவரை வாசிக்க வேண்டும்.

பயிற்சி செய்யும் முறை

1. முதலில் கேள்விகளை வாசிக்க வேண்டும். 'ஹூ' என்றால் ஆளையும், 'வெயார்' என்றால் இடத்தையும், 'வென்' என்றால் காலத்தையும், 'வை' என்றால் காரணத்தையும் தேட வேண்டும்.

2. பின்பு பந்தியை இரண்டு தடவை வாசித்து, விடை உள்ள வரியின் கீழ் பென்சிலால் கோடிட வேண்டும்.

3. 'ஹீ', 'ஷீ', 'இற்', 'தே' என்ற சொற்கள் வந்தால், அவை யாரை அல்லது எதைக் குறிக்கின்றன என்று முன் வரிகளில் பார்க்க வேண்டும். பல பிள்ளைகள் புள்ளி இழப்பது இந்த இடத்தில்தான்.

4. கேட்டதற்கு மட்டும் விடை எழுத வேண்டும். முழுப் பந்தியையும் பார்த்து எழுதினால், பிள்ளைக்கு விளங்கியது என்பதற்கு அது சான்றாகாது.

இதில் பெற்றோரின் பங்கு பெரியது. பிள்ளை பந்தியை வாசித்து முடித்ததும், யார், எங்கே, எப்போது, ஏன் என்று தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை தமிழில் விடை சொல்லி, அந்த விடை இருக்கும் ஆங்கில வரியை விரலால் தொட்டுக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அது ஊகமாக இருக்கலாம். மறுபடி வாசிக்கச் செய்யுங்கள். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை.

இலக்கணத்தில் தடக்கும் இடங்கள்

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் வரும். "நான் வயலை உழுதேன்" என்கிறோம். ஆங்கிலத்தில் "நான் – உழுதேன் – வயலை" என்ற ஒழுங்கில் சொற்கள் நிற்கும்.

தமிழில் "வயலில்" என்னும்போது 'இல்' சொல்லின் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் 'இன்' என்ற சொல் முன்னால் தனித்து நிற்கும்.

"அவர் விவசாயி" என்பது தமிழில் முழு வசனம். ஆங்கிலத்தில் இடையில் 'இஸ்' வராவிட்டால் பிழை.

தமிழில் செய்கிறேன், செய்கிறாய், செய்கிறான், செய்கிறாள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். ஆங்கில நிகழ்காலத்தில் 'ஹீ', 'ஷீ', 'இற்' ஆகியவற்றுக்கு மட்டும் வினையின் பின்னால் 'எஸ்' சேர்கிறது: 'ஐ வேர்க்', 'ஹீ வேர்க்ஸ்'. தமிழைவிட இது இலகு. ஆயினும் மறந்துபோவதால் புள்ளி குறைகிறது.

'டிட்' வந்தால் அதுவே இறந்தகாலத்தைக் காட்டிவிடும். ஆகவே வினை அடிச்சொல்லாகத் திரும்பும். 'ஹீ வென்ற்' என்பதைக் கேள்வியாக்கினால் 'டிட் ஹீ கோ' என்று வரும்.

வீட்டில் உள்ள பாடநூல்கள்

புத்தகம் இல்லை என்று பயிற்சியை நிறுத்த வேண்டாம். நமது ரூபாய்த் தாளில் மூன்று மொழிகளும் உள்ளன. "இலங்கை மத்திய வங்கி" என்று தமிழில் இருப்பது, ஆங்கிலத்தில் "மத்திய – வங்கி – உடைய – இலங்கை" என்ற ஒழுங்கில் இருக்கிறது. இலங்கை கடைசிக்குப் போய்விட்டதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பால்மாப் பைக்கற்று, அரச அறிவித்தல் பலகை ஆகியவற்றிலும் தமிழும் ஆங்கிலமும் அருகருகே இருக்கும். தமிழை மறைத்து ஆங்கிலத்தை வாசிப்பதும், பின்பு திறந்து சரிபார்ப்பதும் நல்ல பயிற்சி.

கடந்தகால வினாத்தாள் ஒரு தொகுதியை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். பிள்ளைகள் மாலையில் ஒரு வீட்டில் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் விடை தேடலாம். பிழைத்த விடைகளைத் தனிக் கொப்பியில் எழுதி, கிழமைக்கு ஒரு தடவை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். ஒரே பிழை மூன்று தடவை வந்திருந்தால், அடுத்த கிழமை முழுவதும் அந்த ஒன்றை மட்டும் பயில்வது போதும்.

நாளுக்கு இருபது நிமிடம், ஒரு பந்தி. பரீட்சைக்கு முந்திய கிழமையில் இரவிரவாகப் படிப்பதைவிட இது பயன் தரும். விதைத்துவிட்டு அறுவடைக்கு முதல் நாள் மட்டும் தண்ணீர் பாய்ச்சுவோமா?