பதின்மூன்று நிலைகளைத் தாங்க வந்த கல்

ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது ராஜகோபுரத்தின் உச்சியை. 236 அடி, 13 நிலை, மேலே 13 கலசம். என்னைக் கேட்டால் முதலில் கீழே பார்க்கச் சொல்வேன். வண்ணம் பூசிய நிலைகள் முடிந்து சாம்பல் நிறக் கருங்கல் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே இருப்பது விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. மேலே இருப்பது அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முன்னின்று கட்டி, 1987-இல் சம்ப்ரோட்சணம் கண்டது. இடையில் சில நூற்றாண்டுகள் அது வெறும் மொட்டைக் கோபுரம்.

இப்படிப் பாதியில் நிற்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. மறுமலர்ச்சியின் தாய்வீடான பிளாரன்ஸில் புருனெலெஸ்கி பேராலயத்தின் குவிமாடத்தை 1436-இல் மூடிவிட்டார். அதே கோயிலின் முகப்பு முடிந்தது 1887-இல்.

அத்தனை காலம் கழித்து மேலே 13 நிலைகளை ஏற்றினால் பழைய கல் நசுங்காதா? நசுங்காது. நல்ல கருங்கல் தன் எடையாலேயே நொறுங்க வேண்டுமானால் மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத் தூண் வேண்டும். இங்கே இருப்பது 72 மீட்டர். அதிலும் மேல்நிலைகள் கல்லைவிட எடை குறைந்த செங்கல். உள்ளே கூடு. மேலே போகப் போகக் குறுகுவதால் பாரத்தின் பெரும்பகுதி அடியிலேயே தங்கிவிடுகிறது. ஆடிக் காற்று மோதினாலும் ஆட்டம் காணாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லுக்கு நிஜமான சோதனை வாசலில்தான். நசுக்கினால் தாங்கும் கருங்கல், வளைத்தால் பொறுக்காது. இழுவிசைக்கு அதன் பலம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டு சுவர்களுக்கு இடையே கிடக்கும் உத்தரம் பாரத்தால் வளையும்போது அடிப்பக்கம்தான் முதலில் விரிசல் விடும். அதற்குத்தான் போதிகை. சுவரிலிருந்து படிப்படியாக நீட்டிய கற்கள் உத்தரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைக்கின்றன. சீரான பாரத்தில் தூரம் பாதியானால் வளைவு விசை கால்வாசியாகிவிடும். இந்தக் கணக்கு சூத்திரமாக இல்லாவிட்டாலும் சிற்பிகளின் கைக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது மண். மலைக்கோட்டையில் இந்தக் கவலையே இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பாறையையே குடைந்துவிட்டான். ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆறு கொண்டுவந்து போட்ட தீவு. ஆற்றுமணல் என்றதும் பயப்பட வேண்டாம். மணல் பாரம் ஏறும்போதே இறங்கிவிடும். களிமண்தான் உள்ளிருக்கும் நீர் பிதுங்கி வெளியேறும்வரை வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். பைசா கோபுரம் சாய்ந்தது அப்படி. 1173-இல் தொடங்கிய அந்த வேலை மூன்றாம் மாடியோடு ஏறக்குறைய நூறு வருடம் நின்றது; அந்த இடைவெளியில் களிமண் இறுகியிராவிட்டால் கோபுரம் கட்டும்போதே விழுந்திருக்கும் என்கிறார்கள் பொறியாளர்கள். போர் மூண்டு வேலை நின்றதும் ஒருவகையில் நல்லதாயிற்று!

ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் இன்னொரு புதிர். சந்நிதியை நெருங்க நெருங்கக் கோபுரங்கள் சிறுக்கின்றன. கோயிலும் ஊரும் ஏழு சுற்றாக உள்ளிருந்து வெளியே வளர்ந்தவை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் முந்தியதைவிடப் பெரிதாகவே எழுப்ப நினைத்தார்கள். அந்தப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு விழுந்த அளவுதான் தெற்கு வாசலில் மொட்டையாக நின்றது.