கப்பலேறியவரின் ஊர் எது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வருகிறது. பழைய பதிவேட்டின் ஒரே ஒரு வரி. ஓர் எண், ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது 22, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், பிறகு ஊர்ப் பெயர் என்று ஒரு கிறுக்கல். கடைசியில், இடது முழங்காலில் தழும்பு. அனுப்பியவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்பது இவ்வளவுதான்: இவர் எங்கள் கொள்ளுத்தாத்தா, எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது அங்கே இருக்கிறார்களா?

அந்த வரி எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது. உண்மையான வரிகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அங்க அடையாளம் வரை எழுதி வைத்தார்கள். ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய தழும்பு, இன்று ஐந்தாம் தலைமுறைப் பேத்திக்குத் தன் முன்னோரைப் பற்றித் தெரிந்த ஒரே அங்க அடையாளமாக இருக்கிறது.

அந்தப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணினியில் தேடும்படியாகவும் அவற்றைத் தொகுத்திருக்கிறார்கள். எனவே அங்கிருந்து தேடுபவருக்கு முதல் பாதி எளிது. அடுத்த பாதிக்குத்தான் இங்கே ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள் என்றால் எங்கே தொடங்குவது?

பெயரில் தொடங்காதீர்கள். சென்னையில் எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். டர்பனில் இன்னொருவர் தன் நாக்குக்கு வந்தபடி படித்தார். பிள்ளை பிறந்தபோது மூன்றாமவர் வேறு விதமாக எழுதினார். அங்கே 'கோவெண்டர்' என்பது நம் கவுண்டர், 'மூட்லி' என்பது முதலி. இதையாவது கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு சிக்கல் பெரிது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். அங்கே அலுவலகத்தில் இரண்டாவது பெயர் கேட்டபோது ஒரு மகன் அப்பா பெயரைக் கொடுத்தான், இன்னொருவன் தாத்தா பெயரைக் கொடுத்தான். கூடப் பிறந்தவர்களின் சந்ததி இரண்டு குடும்பப் பெயர்களோடு ஒரே ஊரில் வாழ்ந்தது. சாதிப் பெயரும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. கப்பலேறும்போது மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, இறங்கிய பிறகு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. கடல் தாண்டிப் போனவர்கள் பழைய கணக்கை ஏன் அப்படியே சுமக்க வேண்டும்?

மாறாமல் கூடவே வருவது அந்த எண். திருமணம், பிள்ளைப்பேறு, இறப்பு என்று பின்னால் வந்த தாள்களில் அந்த எண் இருந்தால் அதே ஆள்தான் என்று சொல்லலாம். எண் இல்லாமல் வெறும் 'முனுசாமி' என்றால் விட்டுவிடுங்கள். ஒரே கப்பலில் நான்கு முனுசாமிகள் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இனி ஊர். 'வட ஆற்காடு' என்று பார்த்தவுடன் வேலூருக்குப் பஸ் ஏறிவிடக் கூடாது. அன்றைய வட ஆற்காடு ஜில்லா மிகப் பெரியது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்து இன்று ஆந்திராவில் இருக்கிறது. மிச்சமிருந்ததை 1989இல் இரண்டாக்கினார்கள், திருவண்ணாமலை தனியானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே ஜில்லாவை விடத் தாலுகாதான் உதவும். ஆரணி, போளூர், வந்தவாசி, குடியாத்தம் என்று தாலுகா கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடம் சட்டென்று சுருங்கும்.

கிறுக்கலாக இருக்கும் ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். செங்கல்பட்டு அவர்களுக்கு 'சிங்கிள்புட்', வந்தவாசி 'வாண்டிவாஷ்', தஞ்சாவூர் 'டான்ஜோர்'. இதிலிருந்து ஒரு வாய்ப்பாடு கிடைக்கும். 'புட்' என்று முடிந்தால் 'பட்டு' என்று வைத்துப் பாருங்கள், 'பாக்' என்று முடிந்தால் 'பாக்கம்' என்று வைத்துப் பாருங்கள். 'ழ' இருந்த இடத்தில் எந்த எழுத்தும் வந்திருக்கலாம். 'செட்பட்' என்று இருந்தால் சேத்துப்பட்டு என்று ஊகிக்கலாம். ஆனால் சேத்துப்பட்டு சென்னையிலும் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஒன்று. தாலுகாவைப் பார்க்காமல் ஊரை முடிவு செய்யக் கூடாது என்பது இதற்காகத்தான். புதூர், நல்லூர் என்று வந்தால் இன்னும் பொறுமை வேண்டும், தாலுகாவுக்குள்ளேயே இரண்டு மூன்று இருக்கும். ஊர் கிடைக்கவே இல்லை என்றால் அது வருவாய் கிராமமாக இல்லாமல் அதற்குள் அடங்கிய குக்கிராமமாக இருக்கலாம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் கிராமப் பட்டியல் உண்டு. அதைவிட வேகமானவர் அந்தப் பக்கத்துத் தபால்காரர்.

ஊரைப் பிடிக்கும் முன் டர்பன்காரரிடம் சில கேள்விகள் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பாட்டியை எப்படிக் கூப்பிடுவார்கள்? இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஆயா என்கிற வீடும், அப்பாயி என்கிற வீடும், அப்பத்தா என்கிற வீடும், அவ்வா என்கிற வீடும் ஒரே சீமையிலிருந்து போயிருக்க வாய்ப்புக் குறைவு. மொழி போன பிறகும் இந்த ஒரு சொல் நாக்கில் தங்கிவிடும். அடுத்தது சாமி. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதை அங்கே இன்றும் 'பாரிட்ஜ் பிரேயர்' என்று செய்கிறார்கள். மாரியம்மனுக்கும் திரௌபதி அம்மனுக்கும் தீமிதி நடக்கிறது. இவை ஊர்ப் பொதுவான தெய்வங்கள், அதனால் அதிகம் துப்புக் கொடுக்காது. நீங்கள் கேட்க வேண்டியது, குழந்தைக்கு முதல் முடி யார் பெயரைச் சொல்லி எடுக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன் வீட்டுக்குள் யாருக்குப் படைக்கிறார்கள், படையலில் என்ன வைக்கிறார்கள் என்பதை. அதில் வரும் பெயர் பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயர்.

பெயர்களையும் ஒரு வரிசையாக எழுதித் தரச் சொல்லுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வந்தால், டர்பனில் 1920இல் பிறந்த பிள்ளையின் பெயரே இங்கே விட்டுப்போன ஒருவரைச் சுட்டலாம். இதுவே குழப்பமும் தரும். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்க, மூவரின் வாழ்க்கையையும் ஒருவர் தலையில் கட்டிவிட்ட வம்சாவளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் அந்த மனிதர் 130 வயது வாழ்ந்திருப்பார்!

ஊருக்குப் போனதும் எங்கே உட்காருவது என்பது முக்கியம். முதல் தடவை நான் செய்த தவறைச் சொல்கிறேன். நேரே ஒரு வீட்டுக்குப் போய், "உங்களிடம் பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்குப்பா பத்திரம்? வெளிநாட்டுக்காரங்க பங்கு கேக்க வந்திருக்காங்களா?"

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு செம்பு தண்ணீர்தான் கிடைத்தது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. நூறு வருடத்துக்கு முன் போனவரின் வாரிசு என்று ஒருவர் வந்து நின்றால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நிலம்தான். அதனால் இப்போதெல்லாம் கோயிலில் தொடங்குகிறேன். பூசாரியோ, திருவிழா வரி வசூலிக்கும் பெரியவரோ, "எந்த வகையறா?" என்று கேட்பார். நம்மிடம் இருக்கும் சாமி பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னால் போதும். தலைக்கட்டு வரி நோட்டு அவர் வீட்டுப் பரணில் இருக்கும், எந்தெந்தக் குடும்பம் எந்த வகையறா என்பது அதில் தெரியும். நோட்டு இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் போகாது. ஆனால் "அந்த வகையறாவில ஒருத்தர் கப்பலேறிப் போயிட்டார்னு எங்கப்பா சொல்வார்" என்கிற வாசகம் அந்தத் திண்ணையில்தான் கிடைக்கும்.

வீடுகளில் கேட்க வேண்டியது மொய் நோட்டு. அதைக் காட்ட யாரும் பயப்படுவதில்லை. ஊர், தகப்பன் பெயர் அல்லது முதலெழுத்து, பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். எந்த ஊர்க்காரர்கள் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பெண் கொடுத்த ஊரும் எடுத்த ஊரும் தெரிந்துவிடும். தாய்மாமன் தொகை தனியாகத் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாமே இந்த வகை. மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று உறவு முறையோடு அச்சடித்த பட்டியலை வேறு எந்த அலுவலகமும் தராது.

பழகிய பிறகு மூலப்பத்திரத்தைக் காட்டுவார்கள். அதில் சொத்தை விட நான்கெல்லையைப் படியுங்கள். "இன்னார் மகன் இன்னார் நிலத்துக்கு மேற்கு" என்ற வரியில் பக்கத்துக் காட்டுக்காரரின் அப்பா பெயர் இருக்கும், அவர் பெரும்பாலும் பங்காளி. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கப்பலேறியவர்களில் பலருக்குக் காலடி நிலம்கூட இல்லை. பட்டாவிலும் பத்திரத்திலும் அவர்கள் வர மாட்டார்கள். அவர்களில் பலருடைய அப்பாவின் பெயர் தாளில் ஏறிய முதல் இடம் அந்தக் கப்பல் பதிவேடாகவே இருக்கக்கூடும். பத்திரம் இல்லாததால் உறவு இல்லை என்று முடிவு கட்டுவது நியாயமல்ல.

மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் முடிவை அப்படியே நம்பக் கூடாது. அண்ணன் தம்பி பிள்ளைகள் தங்களுக்குள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்வார்கள், அவர்களுடைய பிள்ளைகள் 32இல் ஒரு பங்கு, பேரப்பிள்ளைகள் 128இல் ஒரு பங்கு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாத குடும்பங்களை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இது. நம் வீடுகளில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது, ஒரே வட்டத்துக்குள் கொடுத்து எடுத்திருக்கிறோம். அதனால் ஆறேழு தலைமுறைக்கு முன் பிரிந்தவர்கூட மூன்று தலைமுறைச் சொந்தம்போலத் தெரிவார். சொந்தம் என்பது உண்மையாக இருக்கும், எத்தனை படி தூரம் என்பதுதான் தப்பாகும்.

கிடைத்ததைப் பகிரும்போது இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கை வைத்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள்: பதிவேட்டு எண், மொய் நோட்டின் வருடம், அல்லது "பெரியப்பா சொன்னது, 2023 பொங்கல்". நீங்களாக ஊகித்ததற்கு எதிரே ஊகம் என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல் விட்டுப்போனால், அடுத்த வருடம் மூன்று நாட்டுச் சொந்தக்காரர்களின் வம்சாவளியில் அது உண்மையாகிவிடும். பிறகு நீங்களே மறுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெயர்களைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள், அவர்களால் படிக்க முடியாவிட்டாலும் சரி. உறவு முறையையும் தமிழில் எழுதுங்கள். அவர்கள் 'ஆன்ட்டி' என்று எழுதியவர் அத்தையா சித்தியா என்பது தெரியாமல் நம்மால் மரத்தில் ஒரு கிளையும் வரைய முடியாது. 'கஸின்' என்றால் பங்காளியா மச்சானா?

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த நாள், தொலைபேசி எண், ஆதார் போட்டிருக்கும் தாள் எதுவும் பொதுவில் போகக் கூடாது. முன்னோர் பற்றிய சில செய்திகளும் அப்படித்தான். முதல் மனைவியை இங்கே விட்டுவிட்டு அங்கே இன்னொரு குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. அங்கே அவர் குலத்தின் முதல் மனிதர், படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். இங்கே அவர் ஒரு பெண்ணைத் தவிக்க விட்டுப் போனவர். என்னைக் கேட்டால், மறைக்க வேண்டாம் என்பேன். ஆனால் குடும்பக் குழுவில் போடும் முன் இரண்டு பக்கத்திலும் பெரியவர் ஒருவரிடம் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

மொரீசியஸ் சொந்தக்காரர் என்றால் இன்னும் கொஞ்சம் கொடுப்பினை. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்களோடு, 1860களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் இருக்கின்றன. இலங்கை, மலேயா என்றால் நிலைமை வேறு. அங்கே ஆள் சேர்த்த கங்காணி தன் ஊர்க்காரர்களையே கூட்டிக்கொண்டு போனதால் கப்பல் பதிவேட்டைவிட ஊர் நினைவுதான் அதிகம் மிஞ்சியிருக்கிறது.

டர்பன்காரர் அனுப்பும் படத்தைப் பெரிதாக்கிக் கடைசிக் கட்டத்தையும் பாருங்கள். குறிப்பு எழுதும் இடம் அது. இறந்த தேதி இருக்கலாம், இந்தியா திரும்பினார் என்றும் இருக்கலாம். ஒப்பந்தம் முடிந்து பல்லாயிரம் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் கப்பல் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னார்களா இல்லையா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் ஆயாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நம் வீட்டில் யாராவது நேட்டால் போய் வந்தார்களா என்று.