சீட்டாவைச் சுற்றி எட்டு வண்டிகள்

ஜூலை விடுமுறையில் நம் சபையிலிருந்து இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து கென்யா போய்வந்தோம். பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் இருவர். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது படங்களைப் பார்த்த வாலிபத் தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சீட்டா வேட்டையாடுறதைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் போனதில் எங்கள் பங்கும் உண்டு. அடுத்த ஆண்டு நீங்களும் ஒரு குழுவாகப் போகலாம் என்று பேசிக்கொண்டிருப்பது எங்கள் காதுக்கு வந்தது. அதனால் அந்தக் கதையை மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

எங்கள் இரண்டு வீட்டிலும் நர்சுகள் உண்டு. எனவே முதலில் ஊசிக் கதை. துபாயிலிருந்து நைரோபிக்கு நேர் விமானத்தில் சுமார் ஐந்து மணி நேரம்தான். அவ்வளவு பக்கம் என்பதால், பலரும் அங்கிருந்து அப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் கென்யாவும் ஒன்று. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். கையில் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்று செல்லும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை முதல்முறையாகப் போடும்போது, அரிதாகப் பெரிய பக்கவிளைவு வரலாம். எங்கள் அத்தைக்கு வயது 64. ஆகவே டாக்டரிடம் தனியாகப் பேசித்தான் முடிவெடுத்தோம். மலேரியாவுக்குத் தினம் ஒரு மாத்திரை, போவதற்கு முன்பே தொடங்கித் திரும்பிவந்து ஏழு நாள் வரை. கொசு கடித்த நினைவு இல்லை என்று அதை இடையில் நிறுத்தாதீர்கள். வந்தபின் காய்ச்சல் அடித்தால், "ஆப்பிரிக்கா போயிருந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அத்தை கடைசிவரை 'சவாரி' என்றே சொன்னார்கள். "சவாரி எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்பார்கள். நாங்களும் திருத்தவில்லை. சஃபாரி என்றால் சுவாஹிலியில் பயணம் என்றுதான் பொருள்.

முதல் நாள் நைரோபி தேசியப் பூங்கா. 1946-இல் தொடங்கியது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீட்டர்தான். ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் நகரத்தின் மாடிக் கட்டடங்கள் தெரிகின்றன. பூங்காவின் குறுக்கே தூண்கள் மேல் ரயில் ஓடுகிறது. வாசலிலேயே எங்களுக்கு ஒரு தலைகுனிவு. 2020 ஜூன் முதல் கென்யாவின் காப்புக் காடுகளுக்குள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோகக் கூடாது. நாங்களோ ஒரு டஜன் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, கரண்டி என்று சபைப் பிக்னிக்குக்குப் போவதுபோல் கட்டிக்கொண்டு போயிருந்தோம். எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம். புளிசாதம் மட்டும் எவர்சில்வர் தூக்கில் இருந்ததால் தப்பியது. அது அத்தையின் தூக்கு. "இந்தக் காலத்துல இதை யார் தூக்கிட்டு வருவா" என்று கிளம்பும்போது நாங்கள் கேலி செய்த அதே தூக்கு.

பூங்காவுக்குள் யானைத் தந்தங்களை எரித்த இடம் ஒன்று இருக்கிறது. கள்ள வேட்டைக்காரர்களிடம் பிடித்த 12 டன் தந்தத்தை 1989 ஜூலையில் அன்றைய அதிபர் மோய் அங்கே தீயிட்டார். 2016 ஏப்ரலில் 105 டன். பத்து வயதுப் பையன் கேட்டான்: "அதை வித்து ஏழைங்களுக்குக் குடுத்திருக்கலாமே?" இந்தக் கேள்வியை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பெரியவர்கள் சிரித்துவிட்டோம். ஆனால் நியாயமான கேள்விதான். எங்கள் ஓட்டுநர் சொன்ன பதில்: தந்தம் கடைக்கு வந்தால் வாங்க ஆள் வரும், வாங்க ஆள் இருந்தால் அடுத்த யானையைச் சுட ஆள் வருவான்.

இந்தப் பூங்காவின் தெற்குப் பக்கம் வேலி கிடையாது. சிங்கங்கள் அந்த வழியாக வெளியே போய் மாசாய் மக்களின் மாட்டுத் தொழுவங்களில் புகும். ஜனங்கள் கோபத்தில் சிங்கத்தைக் கொல்வார்கள். ரிச்சர்ட் துரேரே என்ற மாசாய்ச் சிறுவன், 11 வயதில், டார்ச் பல்புகளையும் பழைய கார் பேட்டரியையும் மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டியையும் கோத்துத் தொழுவத்தைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகள் அமைத்தான். யாரோ டார்ச்சோடு நடமாடுகிறார்கள் என்று நினைத்து சிங்கம் கிட்டே வரவில்லை. மாடும் பிழைத்தது, சிங்கமும் பிழைத்தது. 2013-இல் அவன் டெட் மேடையில் பேசிய வீடியோ இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம்.

நக்குரு ஏரியில் ஒரே நாள்தான். ஏரி பெருகிக் கரைக்காட்டை விழுங்கியிருக்கிறது. பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. பழைய படங்களில் பார்த்த ஃபிளமிங்கோ கூட்டம் இல்லை. ஆனால் காண்டாமிருகங்களை நன்றாகப் பார்த்தோம். குட்டியோடு ஒன்று, சாலையோரம், எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது.

இனி மாசாய் மாரா. கணக்குப்படி அது தேசியப் பூங்கா அல்ல, தேசிய காப்பகம். நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருவது. சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளி. எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவின் செரெங்கெட்டி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் மழையையும் புல்லையும் தேடி அங்கிருந்து இங்கே வரும் மாதங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை. கூட்டமும் அப்போதுதான், கட்டணமும் அப்போதுதான் கூடுதல். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், பிள்ளைக்கு 50. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை செல்லும் சீட்டு. எங்கள் ஏழு பேருக்கு ஒரு நாள் நுழைவுக்கே 1,100 டாலர். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நாங்கள் செய்த காரியத்துக்கு அதுதான் காரணம்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். ஓட்டுநரின் ரேடியோ கரகரத்தது. சீட்டா. நம் ஆட்கள் சிறுத்தை என்று சொல்லிவிடுகிறோம். சிறுத்தை வேறு, இது சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்க் கோடுபோல் கறுப்புக் கோடு இருக்கும். இந்தியாவில் இந்த இனம் அழிந்துவிட்டதென்று 1952-இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் குனோவில் விட்டார்கள்.

நாங்கள் போனபோது ஒரு கரையான் புற்றின் மேல் தாய் உட்கார்ந்திருந்தது. கீழே புல்லுக்குள் இரண்டு குட்டிகள். தூரத்தில் தாம்சன் மான் கூட்டம். ஏற்கெனவே ஏழு வண்டிகள் சுற்றி நின்றன.

மாராவின் விதி இதுதான்: ஒரு மிருகத்தின் அருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. மற்றவை தள்ளி நின்று முறை வரக் காத்திருக்க வேண்டும். யாராவது காத்திருந்தால் முன்னால் நிற்பவர் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும். வண்டித் தடத்தைவிட்டுப் புல்லில் இறங்கக் கூடாது. எங்கள் ஓட்டுநர் தள்ளியே நிறுத்தினார். "போலெ போலெ," என்றார். மெதுவாக, மெதுவாக.

நாங்கள் காத்திருக்கவில்லை. "எல்லாரும் போறாங்களே, நாமளும் போவோம்." "இங்கேருந்து போன்ல ஒண்ணுமே விழாது." "இவ்வளவு காசு கட்டியிருக்கோம்." யார் எதைச் சொன்னது என்று இப்போது பிரித்துச் சொல்ல வேண்டாம், ஏழு பேரும் சொன்னோம். டிப்ஸ் கூடுதலாகத் தருகிறோம் என்று ஜாடையாகவும் சொன்னோம். பிடிபட்டால் அபராதம் தனக்குத்தான் என்று அவர் ஒருமுறை சொன்னார். பிறகு எங்கள் முகங்களைக் கண்ணாடியில் பார்த்தார். கியர் போட்டார். புல்லில் இறங்கி எட்டாவது வண்டியாகப் போய் நின்றோம்.

அருமையான படங்கள் கிடைத்தன. நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்தவை அவைதான்.

தாய் எழுந்தது. வயிறு ஒட்டியிருந்தது. தலையைத் தாழ்த்தி, மான் கூட்டத்தை நோக்கிப் புல்லோடு புல்லாக நகர்ந்தது. உடனே இரண்டு வண்டிகள் அதற்கு முன்னால் போய் நிற்பதற்காகக் கிளம்பின. எஞ்சின் சத்தத்தில் மான்கள் தலை தூக்கின, ஓடிவிட்டன. தாய் திரும்பி வந்து படுத்தது. அரை மணி நேரத்தில் மறுபடி எழுந்தது. மறுபடி அதே கதை. குட்டிகள் பறவைக்குஞ்சு போலக் கத்தின. சீட்டாக் குட்டி அப்படித்தான் கத்தும் என்று அன்றுதான் தெரியும்.

அப்போது கூட வந்த அக்கா, அவர்களும் நர்ஸ்தான், மெதுவாகச் சொன்னார்கள்: "கட்டிலைச் சுத்தி நிக்கிற சொந்தக்காரங்க மாதிரி நிக்கிறோம்."

வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று வார்டில் தினமும் கத்துகிறவர்கள் நாங்கள். "சிஸ்டர், ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கோம், அஞ்சு நிமிஷம்" என்பவர்களை வெளியே அனுப்பியிருக்கிறோம். நோயாளி தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், அதற்குத்தான் இந்த விதி என்று விளக்கியிருக்கிறோம்.

உடனே கிளம்பிவிட்டோம் என்று எழுதினால் பொய். வீட்டுக்காரர்கள் இருவரும் இன்னொரு முறை முயற்சி செய்யுமா பார்க்கலாம் என்றார்கள். பையன் அழ ஆரம்பித்தான். பதின்மூன்று வயது மகள் போகலாம் என்றாள். அத்தை, "பசிச்ச பிள்ளைய வச்சிட்டு அது என்ன பாடு படுது, எடுங்க வண்டிய" என்றார்கள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஓட்டுநர் வண்டியைத் தடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் வாய் திறந்தார். ராத்திரி சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் உரியது. சீட்டா மெலிந்த உடம்புக்காரி, சண்டை போட முடியாது. பிடித்த இரையையும் அவை பறித்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. பகலில் யார் வருகிறார்கள்? நாம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். ஃபெம்கே புரூக்ஹுயிஸ் என்ற ஆய்வாளர் 2013 முதல் 2017 வரை மாராவில் சீட்டாத் தாய்களைக் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதிகளில் ஒரு தாய் ஒரு ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியிருந்தது. வண்டிகள் அதிகமான பகுதிகளில் 0.2. வண்டி மோதிக் குட்டி செத்ததற்கான சான்று எதுவும் அதில் இல்லை. வேட்டை தவறுவது, பிடித்த இரையை விட்டுப் போவது, பதற்றம் போன்றவை காரணமாகலாம் என்கிறார். ஐந்து வண்டி விதியை உறுதியாகக் கடைப்பிடிக்கச் சொல்கிறார். நர்சிங் படிப்பில் எத்தனையோ அட்டவணைகள் பார்த்திருக்கிறோம். இதைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது, எட்டாவது வண்டியில் நாங்கள் இருந்ததால்.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டோம். நாம் கட்டும் பணமும் அந்தப் புல்வெளி நிலைத்திருக்க ஒரு காரணம். மாராவைச் சுற்றி மாசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் காட்டுயிருக்காகக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் பெறும் காப்பு நிலங்கள் இருக்கின்றன. அங்கே வண்டி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு அதிகம். தங்கும் செலவும் கூட. முடிந்தால் ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். முடியாவிட்டால் முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: "விதியை மீற வேண்டாம். எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உங்கள் டிப்ஸ் இதுதான்." தொகையையும் சொல்லிவிடுங்கள். நாங்கள் அதைக் கடைசி நாள்தான் சொன்னோம், மன்னிப்போடு சேர்த்து. அவர் சிரித்துவிட்டு, பெரும்பாலானவர்கள் எதுவும் சொல்லாமலே போய்விடுவார்கள் என்றார்.

அன்று மத்தியானம் மாரா ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் இருந்தோம். வில்டபீஸ்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து, தண்ணீரை எட்டிப் பார்த்து, முதலைகளைக் கண்டனவோ என்னவோ, திரும்பிப் போய்விட்டன. கடக்கவே இல்லை. அத்தை நன்றாகத் தூங்கினார்கள். நீர்யானைகள் கொட்டாவி விட்டன. பையன் சாணி உருட்டும் வண்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளி திறந்ததும் வகுப்பில் பேசியது அந்த வண்டைப் பற்றித்தானாம்.

ஓட்டுநரின் எண் எங்களிடம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் விசாரித்தோம். அந்தத் தாயை அதே பக்கத்தில் பார்த்ததாகப் பதில் அனுப்பினார். கூட ஒரு குட்டிதான் இருந்ததாம். மற்றதற்கு என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை.