நீரடிமுத்தும் 23 வயது வேதியியலாளரும்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரம் நீரடிமுத்து. மரவட்டை என்றும் சொல்வார்கள். அதன் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் தோல் நோய்களுக்கு, குறிப்பாகப் பெருநோய் எனப்பட்ட தொழுநோய்க்கு, சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு மரம் பர்மாவிலும் அசாமிலும் வளர்கிறது. அதன் எண்ணெய்க்கு வடக்கே சால்முக்ரா என்று பெயர். வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் மவாட் 1854-இல் இதைப் பற்றி எழுதிய பிறகு மேற்கத்திய மருத்துவமும் இந்த எண்ணெயை எடுத்துக்கொண்டது. தொழுநோய்க்கு ஓரளவாவது பலன் தந்த மருந்து என்று அன்று வேறெதுவும் இல்லை.

மருந்து கையில் இருந்தும் அதை நோயாளிக்குக் கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. குடித்தால் குமட்டி வாந்தி வரும். மாதக்கணக்கில் யாராலும் குடிக்க முடியாது. மேலே தடவினால் போதுமான அளவு உள்ளே இறங்காது. ஊசி போட்டால் பிசுபிசுப்பான எண்ணெய் தசைக்குள் பரவாமல் ஒரே இடத்தில் கட்டிக்கொள்ளும். கடும் வலி, வீக்கம், சில சமயம் சீழ். நோயைவிட மருத்துவமே வேதனை என்று நோயாளிகள் ஓடினார்கள்.

இந்தச் சிக்கலைத் தன் ஆய்வுமேசையில் தீர்த்தவர் ஆலிஸ் ஆகஸ்டா பால். அப்போது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் செய்த வேலை பிழைத்தது. பெயர் மட்டும் காணாமல் போயிற்று. இளம் ஆய்வாளர்கள் தங்கள் வேலையை ஏன் உடனுக்குடன் எழுதிப் பகிர வேண்டும் என்பதற்கு மருந்து வேதியியலில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

ஆலிஸ் 1892-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலில் ஒன்றும் மருந்தியலில் ஒன்றுமாக இரண்டு பட்டங்கள் பெற்றார். 1914-இல் தன் பேராசிரியர் வில்லியம் டெனுடன் சேர்ந்து அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் அந்த இதழில் வருவது அரிதிலும் அரிது. பிறகு ஹவாய்க் கல்லூரியில் சேர்ந்து 1915-இல் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரும் அவரே. படித்த கல்லூரியிலேயே வேதியியல் ஆசிரியராகவும் ஆனார்.

அவருடைய முதுகலை ஆய்வேடு கவா வேரைப் பற்றியது. நம் வெற்றிலை, மிளகின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் வேரை இடித்துப் பானமாகக் குடிப்பது பசிபிக் தீவுகளில் வழக்கம். அந்த வேரில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து ஆராய்ந்திருந்தார் ஆலிஸ். ஹொனலுலுவின் கலீஹி மருத்துவமனையில் தொழுநோயாளிகளைக் கவனித்து வந்த மருத்துவர் ஹாரி ஹோல்மன் சால்முக்ரா எண்ணெய்ச் சிக்கலோடு அவரைத் தேடி வந்ததற்கு இந்த வேலைதான் காரணம். தாவரப் பொருளைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒருவர் ஊரிலேயே இருக்கிறார் என்பதை ஆய்வேடு சொல்லிவிட்டது.

ஹவாயில் தொழுநோய் அன்று வெறும் நோயல்ல, ஆயுள் தண்டனை. 1866 முதல் நோயாளிகளை மொலொக்காய் தீவின் கலௌபாபா என்னும் ஒதுக்கிடத்துக்கு அனுப்பிவந்தார்கள். முன்னே கடல், பின்னே செங்குத்தான மலை. நூறாண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த வழக்கத்தில் சுமார் 8,000 பேர் குடும்பத்தைப் பிரிந்து அங்கே போனார்கள். பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

ஆலிஸ் செய்தது என்ன? எண்ணெய் எதுவானாலும் அதன் மூலக்கூறு ஒரே காம்பில் தொங்கும் மூன்று முருங்கைக்காய் போன்றது. காம்பு கிளிசரால், காய்கள் நீளமான கொழுப்பு அமிலங்கள். சால்முக்ரா எண்ணெயின் தனிச்சிறப்பு அந்த அமிலங்களில் இருக்கிறது. அவற்றின் கார்பன் சங்கிலியின் நுனியில் ஐந்து கார்பன்களால் ஆன ஒரு வளையம் இருக்கும். இது இயற்கையில் அபூர்வம். லண்டனில் ஃபிரெடரிக் பவர் குழுவினர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த அமிலங்களைப் பிரித்து, சால்முக்ரிக் அமிலம், ஹிட்னோகார்பிக் அமிலம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். மருந்துக் குணம் இவற்றில்தான் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் காம்பு அறுந்து அமிலங்கள் உப்பாகப் பிரியும். சோப்பு காய்ச்சுவதும் இதே வினைதான். அந்த உப்பில் அமிலம் சேர்த்தால் கொழுப்பு அமிலங்கள் வெளிவரும். அவற்றை அப்படியே ஊசியில் ஏற்றினால் எரிச்சல் தாங்காது. எனவே ஒவ்வொரு அமிலத்தின் முனையிலும் எத்தனாலை இணைக்க வேண்டும். கிடைப்பது எத்தில் எஸ்டர். மூலக்கூறின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பிசுபிசுப்பு போய்விடும். வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துத் தூய்மையும் செய்யலாம். இன்று தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிப்பதும் இதற்கு நெருங்கிய வினைதான்.

எண்ணெயைத் தண்ணீரில் கரையும்படி ஆலிஸ் மாற்றினார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. எத்தில் எஸ்டர் தண்ணீரில் கரையாது. அது மெல்லிய எண்ணெய், அவ்வளவே. அந்த மெலிவுதான் வேலை செய்தது. ஊசி வழியே எளிதாக இறங்கி, தசைக்குள் பரவி, உடம்பால் மெல்ல மெல்ல உறிஞ்சப்பட்டது.

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சால்முக்ரா எத்தில் எஸ்டரை ‘ஆன்டிலெப்ரால்’ என்ற பெயரில் முன்பே விற்றுவந்தது. அதனால் ஆலிஸின் பங்கு குறைந்துவிடாது. ஒரு நிறுவனத்தின் புட்டியில் மருந்து இருப்பது வேறு. ஒரு சின்னக் கல்லூரியின் ஆய்வகத்தில், நோயாளிகள் இருக்கும் ஊரிலேயே அதைச் செய்துகொள்ளும் வழி கிடைப்பது வேறு. இரண்டாவதைக் கொடுத்தவர் ஆலிஸ்.

அதை எழுதி வெளியிட அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. 1916-இல் உடல்நலம் கெட்டு சியாட்டிலுக்குத் திரும்பினார். டிசம்பர் 31 அன்று 24 வயதில் இறந்தார். வகுப்பில் செய்முறை காட்டும்போது குளோரின் வாயுவைச் சுவாசித்ததே காரணம் என்று நாளிதழ் எழுதியது. இறப்புச் சான்றிதழ் காசநோய் என்கிறது.

கல்லூரித் தலைவரும் வேதியியலாளருமான ஆர்தர் டீன் இந்த வேலையைத் தொடர்ந்தார். எஸ்டர்களை அதிக அளவில் தயாரித்தார், ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். ஆலிஸுக்கு உரிய இடம் அவற்றில் இல்லை. கலீஹியில் ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகள் பலர் வீடு திரும்பினார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது. கூடவே ‘டீன் முறை’ என்ற பெயரும் பரவியது.

ஹோல்மன் இதைச் சும்மா விடவில்லை. 1922-இல் ஒரு தோல் மருத்துவ ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், இந்த வழியைக் கண்டவர் ஆலிஸ் பால் என்று பதிவு செய்தார். முறைக்கு அவர் பெயரையே இட்டு விளக்கினார். பின்னால் வந்த மாற்றங்கள் எதுவும் அவர் வகுத்த முறையைவிட மேம்பட்டதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார். அந்தக் கட்டுரை மட்டும் இல்லையென்றால் ஆலிஸின் பங்கை நிறுவ இன்று நம்மிடம் ஏறக்குறைய எதுவுமே இருந்திருக்காது. அதுவும் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அவர் படித்த கல்லூரி வளர்ந்து உருவான ஹவாய்ப் பல்கலைக்கழகம் 2000-இல்தான் வளாகத்தில் உள்ள சால்முக்ரா மரத்தருகே அவர் பெயரில் நினைவுப் பலகை வைத்தது.

சால்முக்ரா ஊசி எல்லோரையும் குணப்படுத்தவில்லை. குணமானதாக அனுப்பப்பட்ட சிலருக்கு நோய் திரும்பி வந்தது. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்ததும் எண்ணெயின் காலம் முடிந்தது. அந்த மருந்துகளைத் தொடக்கத்திலேயே சோதித்த இடங்களில் ஒன்று நம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனை. சோதித்தவர் ராபர்ட் காக்ரேன். 1981 முதல் டாப்சோன், ரிஃபாம்பிசின், கிளோஃபாசிமின் என்ற கூட்டு மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தொழுநோய் இன்று முற்றிலும் குணமாகக்கூடியது.

ஆலிஸின் மூன்று வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1914-ஆம் ஆண்டுக் கட்டுரை அச்சேறியது. யாரும் அதை அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. கவா ஆய்வேடு அவர் பெயரோடு நூலகத்தில் இருக்கிறது. அச்சேறாத மூன்றாவது வேலைதான், மூன்றிலும் பெரியது, வேறொருவர் பெயருக்குப் போனது.

மருந்து வேதியியலில் பகிர்வதற்குத் தனியான தடை ஒன்று உண்டு. அது காப்புரிமை. விண்ணப்பிக்கும் முன் புதிய மூலக்கூறின் அமைப்பைக் கருத்தரங்கச் சுவரொட்டியில் காட்டினாலும் போதும், ஐரோப்பாவில் அதன் புதுமை போய்விட்டதாகக் கொள்வார்கள். அதனால் மாணவர்களை வாய் திறக்க வேண்டாம் என்று வழிகாட்டிகள் தடுப்பது உண்டு. விண்ணப்பம் போகும்வரை அந்த எச்சரிக்கை நியாயம். அதற்குப் பிறகும் மாணவரின் குறிப்பேடு அலமாரியில் பூட்டிக் கிடப்பது நியாயமில்லை.

திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2016-இல் சிட்னி கிராமர் பள்ளியின் மாணவர்கள், ஒட்டுண்ணி நோய்க்கான டாராப்ரிம் மாத்திரையில் உள்ள மருந்துப்பொருளைப் பள்ளி ஆய்வகத்திலேயே தயாரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதன் ஒரு மாத்திரை விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலராக ஏற்றியிருந்தது. மாணவர்கள் தங்கள் ஆய்வுக் குறிப்பேட்டை இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்தார்கள். சிக்கிக்கொண்ட இடங்களில் ‘ஓப்பன் சோர்ஸ் மலேரியா’ குழுவின் வேதியியலாளர்கள் வழி சொன்னார்கள். கடைசியில் சுமார் 20 டாலர் செலவில் 3.7 கிராம் மருந்து கையில் இருந்தது.

இன்றைய இளம் ஆய்வாளருக்கு ஆலிஸுக்கு இல்லாத வசதிகள் உண்டு. கெம்ஆர்க்சிவ் என்னும் இணையக் களஞ்சியம் 2017 முதல் வேதியியல் கட்டுரைகளை இதழில் வரும் முன்பே தேதியோடு ஏற்றுக்கொள்கிறது. ஒரு கட்டுரையில் யார் சோதனை செய்தார், யார் எழுதினார், யார் பணம் ஏற்பாடு செய்தார் என்று 14 வகையாகப் பங்கைப் பிரித்துக் குறிக்கும் முறையைப் பல ஆய்விதழ்கள் கடைப்பிடிக்கின்றன. இளம் ஆய்வாளர்களுக்கென்றே கருத்தரங்குகளும் நடக்கின்றன. வேலை செய்யாத மூலக்கூறைப் பற்றியும் அங்கே பேசலாம். எந்த இடத்தில் எந்த அணுத்தொகுதியை மாற்றியபோது பலன் போயிற்று என்று தெரிந்தால், அடுத்தவர் அதே பாதையில் ஆண்டுகளை வீணாக்க மாட்டார்.

முனைவர் பட்ட மாணவர்களே, முடிவு முழுமையாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். வாய்ப்பு கிடைக்கும் முதல் மேடையில் பேசுங்கள். வழிகாட்டிகளே, மாணவர் படிப்பை முடித்துப் போனாலும், பாதியில் நின்றாலும், இறந்தே போனாலும், அவர் செய்த வேலை வெளிவரும்போது அவர் பெயரை முதலில் எழுதுங்கள். டீன் அதைச் செய்யவில்லை, ஹோல்மன் செய்தார். இருவரில் யாரைப் போல இருப்பது என்பது உங்கள் கையில்.